சோபாக் கடையில் ஒரு நாற்காலி

கடை முழுக்க சோபா. வேலை செய்கிறவர்கள் உட்கார மட்டும் இடமில்லை.

வருகிறவர்கள் அமுக்கிப் பார்க்கலாம், சாய்ந்து பார்க்கலாம், அவர்கள் பெற்ற வானரங்கள் ஏறிக் குதிக்கலாம். ஊழியர்கள் சரக்கின்மேல் உட்காரக் கூடாது. கேட்டால் முதலாளி சொல்வார்: "நீங்க உட்கார்ந்தா அது பழைய சோபா ஆயிடும்மா."

கல்லாவுக்குப் பின்னால் அவருக்கு மட்டும் ஒரு சுழல் நாற்காலி. அது எப்போது பழசாகும் என்று யாரும் கேட்டதில்லை.

விற்பனைப் பெண்ணுக்குக் கடையில் குதிரை என்று பெயர். ஒன்பது வருஷத்தில் நின்றுகொண்டே கண்ணயரக் கற்றுக்கொண்டவள். இப்போது அவள் காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டது.

"அண்ணி, உங்க காலைப் பார்த்தா மேப் மாதிரி இருக்கு. எந்த ஊருக்கும் வழி கேக்கவே வேண்டாம்" என்றாள் நாத்தனார்.

டாக்டர் சிரிக்கவில்லை. இப்படியே நின்றால் சீக்கிரம் காலைக் கிழித்து ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்றார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவளுக்கு வேலையும் வேண்டும், காலும் வேண்டும்.

முதலாளியிடம் ஒரு ஸ்டூலாவது போடச் சொல்லிக் கேட்டாள்.

"உட்காரணும்னா வீட்ல போய் உட்காரு. ரொம்பப் பேசினா வேலையை விட்டே நிறுத்திடுவேன்."

"இப்ப மட்டும் உட்கார வெச்சா இருக்கீங்க முதலாளி?"

கூட விற்பனை பார்க்கும் ஒல்லிப் பையன் ஒட்டடைக்குச்சி வாயைப் பொத்திக்கொண்டு கட்டில் பக்கம் ஓடினான்.

அன்றைக்கே அவள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பக்கத்தில் நாத்தனார். "தைரியமாப் பேசுங்க அண்ணி, இதைக் கேக்கத்தான் அவங்க சம்பளம் வாங்கறாங்க."

அடுத்த வாரம் கைப்பையோடு ஓர் அம்மாள் வந்தார். முதலாளி பல்லெல்லாம் தெரிய எழுந்தார். "தொழிலாளர் ஆய்வாளர்" என்றதும் பாதிப் பல் உள்ளே போயிற்று.

"நின்னு வேலை பார்க்கறவங்களுக்கு இருக்கை போட்டுத் தரணும். நேரம் கிடைக்கறப்ப அவங்க உட்காரணும். அது சட்டம். உங்க கடையில எங்கே போட்டிருக்கீங்க?"

முதலாளி இரண்டு கைகளையும் விரித்தார். "என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? சுத்திப் பாருங்க. இத்தனையும் அவங்களுக்குத்தான்! நாங்க ஒரே குடும்பம்."

"எல்லாமேவா?"

"எல்லாமே!"

"இதுவுமா?" ஆய்வாளர் காட்டியது கடையிலேயே விலை உசத்தியான சோபா.

"அதுவும்தான்!"

குதிரை முதலாளியைப் பார்த்தாள். காட்டிக் கொடுத்துவிடாதே என்று முதலாளி கண்ணாலேயே கெஞ்சினார். அவள் போய் நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் ஒட்டடைக்குச்சி. இன்னொரு பக்கம் பில் போடுகிற பெண். பெருக்குகிற அம்மாவும் வண்டி ஓட்டுநரும் எதிர் சோபாவில் சரிந்தார்கள். ஆய்வாளரும் ஓர் ஓரம் பார்த்து அமர்ந்தார்.

"எங்க ஆபீஸ்லயே நாலு பேருக்கு மூணு நாற்காலிதான்" என்று பெருமூச்சு விட்டார். "ரொம்ப சந்தோஷம் சார். கடையில இருக்கற எல்லா இருக்கையும் ஊழியர்களுக்குத்தான்னு நீங்களே சொன்னதா எழுதிக்கறேன். இனிமே இதுல எதையும் விக்கக் கூடாது."

"மேடம்! இது சோபாக் கடை!"

"அவங்களுக்குக் கொடுத்ததை அடுத்தவங்களுக்கு எப்படி விப்பீங்க? வேணும்னா அவங்க சம்மதிக்கற வேற இருக்கை கொடுத்துட்டு இதையெல்லாம் மீட்டுக்கோங்க. அப்புறம், புகார் கொடுத்தாங்கன்னு யாரையாவது நீக்கினீங்கன்னு வைங்க, திரும்ப வருவேன். அப்ப உட்கார மாட்டேன்."

முதலாளி குதிரையின் முன்னால் வந்து நின்றார்.

"தாயே, கொஞ்சம் எழுந்திரு. ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போடறேன்."

"ஸ்டூல்ல சாய முடியாதே. ஆளுக்கு ஒண்ணு, முதுகு வெச்ச நாற்காலி. இன்னைக்கே."

"இன்னைக்கே அஞ்சு நாற்காலிக்கு எங்கே போவேன்?"

மூலையில் ஆறு நாற்காலியோடு விற்பனைக்கு வைத்திருந்த சாப்பாட்டு மேசைப் பக்கம் அவள் கையை நீட்டினாள்.

"ஐயோ, செட் உடைஞ்சிடும்! ஆறுல அஞ்சு போனா மிச்சம் ஒண்ணை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"தனியாச் சாப்பிடறவங்க ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க! நான் வித்துத் தர்றேன் முதலாளி."

ஆய்வாளர் இருமினார். முதலாளி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலோரம் வைத்தார்.

"அங்கே வெயில் அடிக்குது."

தூண் பக்கம் நகர்த்தினார்.

"ஃபேன் காத்து வரலையே."

ஃபேனுக்குக் கீழே கொண்டுபோய்ப் போட்டார். அவள் சோபாவை விட்டு எழுந்து நாற்காலிக்கு மாறினாள். சாய்ந்தாள். கால் இரண்டையும் நீட்டினாள்.

"கஸ்டமர் வந்தா எழுந்திருப்பியா?" என்று கேட்டார் முதலாளி.

"பின்னே? அதுக்குத்தானே சம்பளம்" என்றாள். "யாரும் வரலையே முதலாளி. நீங்களும் போய் உட்காருங்க."