மேனேஜரும் சொட்டு நீலமும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழும் போய்வந்து மூளை குழம்பிவிட்டதோ என்னவோ, ஒருநாள் சாயங்காலம் ஒரு சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இது நீல முட்டை சாதி" என்றார்.

"சேவல் எந்த ஊர்ல முட்டை போடுது?"

"இவன் போட மாட்டான். இவனோட பொண்ணுங்க போடும். சாயம் பூசின மாதிரி மேலாக்க இல்ல, ஓட்டை உடைச்சுப் பார்த்தா உள்பக்கமும் நீலமா இருக்கும்."

சேவலின் மூஞ்சியைப் பார்த்து அது நீல முட்டை வம்சமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாதாம். மகள்கள் வளர்ந்து முட்டை போட்டால்தான் அப்பன் யோக்கியதை தெரியுமாம். அப்படியென்றால் இதை விற்றவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவசரமாகத் தீவனம் வாங்கப் போய்விட்டார்.

கொல்லையில் ஏற்கெனவே இருந்த வெள்ளை முட்டைக் கோழிகளோடு அதை விட்டோம். தான் ஒரு வேலையும் செய்யாமல், விடிந்தும் விடியாமலும் மற்றவர்களை எழுப்பிக் கத்துவதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தேன். குஞ்சு பொரித்ததில் மூன்று பெட்டைகள் தேறின.

அவை வளர்ந்து வரும் சமயத்தில், பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். ஓய்வு பெற்றவர், பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"தம்பி, உங்க சேவல் இன்னிக்குக் காலையில மட்டும் நாற்பத்து மூணு தடவை கூவிச்சு. எண்ணிட்டேன்."

என் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் இவர் இவராக இருப்பாரா?

"டீச்சர், இந்த மாசக் கடைசிக்குள்ள இவன் பொண்ணுங்கள்ல ஒண்ணாவது நீல முட்டை போடலைன்னா, நானே இவனைக் கறிக்கடையில விட்டுடறேன்."

"பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் இவருடையது, கழுத்து மேனேஜருடையது.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கூண்டுக்கு எதிரே குந்திக்கொண்டு, மூன்று பெட்டைகளின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு இறங்கவில்லை. நான் மட்டும் என்ன, வாய்தான் வீராப்பு. "உன்னைச் சட்டியில போட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று தினமும் மேனேஜரைத் திட்டுவேன். ஆனால் இவர் வேலைக்குப் போனபிறகு இந்த வீட்டில் என்னோடு பேச வேறு யார் இருக்கிறார்கள்? துணி காயப்போடும்போது பின்னாலேயே வரும். நான் ஒன்று சொன்னால் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, பதிலுக்கு ஒன்று சொல்லும். இவர் ஒருநாளும் அப்படிக் காதுகொடுத்துக் கேட்டதில்லை. அதைக் கறிக்கடைக்கு அனுப்ப எனக்கு மனசே இல்லை. வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று சொல்லவில்லை.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. இவர் வேலைக்குப் போனதும் கூண்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். பெட்டைகளின் மூலையில் ஒரே ஒரு முட்டை. சின்னது, முதல் முட்டை. பாழாய்ப்போன வெள்ளை!

நேராக உள்ளே போய், வெள்ளைச் சட்டைகளுக்குப் போடுகிற சொட்டு நீல பாட்டிலை எடுத்தேன். கிண்ணத்தில் ஊற்றி, முட்டையை மூன்று தடவை முக்கி எடுத்துக் காயவைத்துத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன்.

மத்தியானம் சாப்பிட வந்தவர் கொல்லையிலிருந்து போட்ட கூச்சலில் மேனேஜரே வாயை மூடிக்கொண்டது. நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் முட்டையோடு மதிலோரம் நின்றுகொண்டு டீச்சரைக் கூப்பிட்டுவிட்டார்.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "சாயம் மாதிரி இருக்கே தம்பி."

"சாயமா? உடைச்சே காட்டறேன். உள்ளேயும் நீலமா இருக்கும்!"

எனக்கு அப்போதுதான் அந்த உள்பக்கம் ஞாபகம் வந்தது. எட்டு மாதமாக இந்த மனிதர் பேசியதில் ஒன்றையாவது காதில் வாங்கியிருக்கலாம்.

"வேண்டாங்க! முதல் முட்டை, பத்திரமா வச்சுக்கலாம்!"

மதிலில் தட்டி உடைத்துவிட்டார். உள்ளே வெள்ளை வெளேர் என்றிருந்தது.

இவர் ஓட்டைப் பார்த்தார். நீலமாகிப்போன தன் கட்டைவிரலைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், மணிக்கட்டு வரை ஏறிய சொட்டு நீலத்தை எங்கே மறைப்பது?

"நீயா? நீதானே தினமும் அவனைச் சட்டியில போடணும்னு சொல்லுவே?"

"சொல்லுவேன். அதுக்காக நிஜமாவே கொண்டுபோய்க் கொடுத்துடுவீங்களா?" என்றேன். அதற்குமேல் முடியவில்லை. டீச்சர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் ஓவென்று அழுதுவிட்டேன்.

டீச்சர் முகத்தில் திருடனுக்குத் தேள் கொட்டிய களை. "ஒரு நிமிஷம் இருங்க" என்று போனவர், ரோஜாச் செடிக்கு உரமாகச் சேர்த்து வைத்திருந்த முட்டை ஓடுகளை ஒரு டப்பாவில் கொண்டுவந்தார். வெளியேயும் நீலம், உள்ளேயும் நீலம்.

"கழுத்துல புள்ளி வச்ச பெட்டை பத்து நாளா மதில் தாண்டி வந்து என் பூந்தொட்டியில முட்டை போடுதும்மா. முதல்ல சாயம்னு நினைச்சு சோப்புப் போட்டுத் தேய்ச்சேன், போகல. சொன்னா சேவல் இங்கேயே தங்கிடுமேன்னு... சாப்பிட்டுட்டேன்."

"எத்தனை டீச்சர்?" என்றார் இவர்.

"ஆறு." கணக்கு டீச்சர், குறைத்துச் சொல்ல மாட்டார்.

இவருக்குக் கோபமே வரவில்லை. மேனேஜரை வாரித் தூக்கி முத்தம் கொடுக்கப் போனார், அது மூக்கில் ஒரு கொத்து வைத்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டே, "இனிமே தொட்டியில விழுறது உங்களுக்குத்தான் டீச்சர்" என்றார்.

டீச்சர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "அப்பக் கூவட்டும்" என்றார்.

மறுநாள் பொழுது விடிவதற்குள் மேனேஜர் ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னலைத் திறந்து, "உன்னைச் சட்டியில போட்டாத்தான்..." என்று கத்தினேன்.

போர்வைக்குள்ளிருந்து இவர் சொன்னார்: "முதல்ல கையைக் கழுவிட்டு வந்து திட்டு."