வியாகுலம்மாள் செத்துப் பழகினாள்

ராயபுரத்தில் வியாகுலம்மாளின் ஆப்பத்தைத் தின்னாத துறைமுகக் கூலி ஒருவன் இருந்தால், அவன் நேற்றுத்தான் ஊருக்கு வந்திருக்க வேண்டும். பல் போனவன் என்ற சாக்கும் செல்லாது. மாவில் கள்ளு ஊற்றிப் புளிக்க வைத்த அவள் ஆப்பத்துக்குப் பல் தேவையில்லை.

புருஷன் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது ரயில் ரோட்டோரம் ஒரு ஓட்டு வீடு, அதன் முன்புறம் கடை, பதினெட்டு வயதில் மகள் ஃப்ளோரா. ஃப்ளோராவின் வலது கையும் வலது காலும் பிறந்த நாள் முதல் அவள் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. வாய் கேட்கும், ஆனால் கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாக ரயில்வே கேட்டைத் தாண்டுவதுபோல், சொல் சொல்லாகத்தான் வரும். வண்டி போகும்வரை நிற்கும் வழக்கம் ராயபுரத்தாருக்குக் கிடையாது. அவள் பாதி சொன்னதுமே மீதியை அவர்களே முடித்து வைத்துவிடுவார்கள். “எனக்கு… த…” என்றால் தண்ணீர் வந்துவிடும். அவள் கேட்க நினைத்தது தலையணையாக இருக்கும். இப்படி வேண்டாத தண்ணீரைக் குடித்தே ஃப்ளோரா வளர்ந்தாள்.

முடித்து வைப்பவர்களில் முதல் ஆள் அம்மாதான். தலை வாருவது, சோறு பிசைந்து கொடுப்பது, அடுப்பருகே போகாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவளே. ஒரு நாள் ஆப்பச் சட்டியின் முன்னால் கண் இருட்டிச் சாய்ந்தபோதுதான், தனக்குப் பிறகு இவள் கதி என்ன என்ற கேள்வி அவளுக்கு வந்தது.

பதில் அன்று மாலையே வந்து உட்கார்ந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தம்பி அருள்நாதன்.

“கவலப்படாதே யக்கா. நீ போய்ட்டா புள்ளைய நம்ம வூட்டுக்கு இட்டுகினு போய்டறேன். சிலுவையம்மா எடம் கூட பாத்து வெச்சிக்கீறா. அரிசிப் பானைக்குப் பின்னால.”

“பானைக்குப் பின்னால எதுக்குடா?”

“காத்து வரும்.”

அவன் வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் சுவர் உண்டு. காற்று எந்த வழியாக வரும் என்பது அவனுக்கும் அவன் மனைவி சிலுவையம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அருள்நாதன் கெட்டவன் அல்ல. அக்காள் மகளுக்கு ஒரு மூலையும், கல்யாணமான தன் மகனுக்கு அக்காள் வீடும் கிடைத்தால் எல்லாருக்கும் நல்லதுதானே என்று நினைக்கும் சாதாரண நல்லவன்.

அந்த வாரம் கோயிலில், நல்ல சாவு கேட்டு ஜெபிக்கும் நன்மரண சபையின் கூட்டம். “இன்றே மரித்துவிட்டதாக எண்ணிப் பாருங்கள். உங்களுக்குப் பின் உங்கள் வீடு எப்படி இருக்கும்?” என்று பங்குச் சாமியார் உருக்கமாகக் கேட்டார். மற்றவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டார்கள். வியாகுலம்மாளுக்கு எண்ணிப் பார்ப்பதில் நம்பிக்கை கிடையாது. எதையும் செய்து பார்ப்பவள்.

“ஃப்ளோரா, நாளிக்கி நான் சாவறேன். வூட்ட நீ பாத்துக்க.”

“எ… எப்ப…”

“மத்தியானம். சாப்ட்டு முடிச்சிட்டு.”

சொன்னபடியே மறுநாள் முன்னறையில் பாய் விரித்து, மார்பில் சிலுவையை வைத்துக்கொண்டு செத்தாள். ஃப்ளோரா சுவரைப் பிடித்தபடி அடுப்படிக்குப் போனாள்.

“வெறகு அப்பிடி வெக்காதே,” என்றது பிணம். கொஞ்ச நேரத்தில், “சாம்பல மொதல்ல தள்ளு,” என்றது. அப்புறம் எழுந்து வந்து தானே அடுப்பை மூட்டிவிட்டு மறுபடி போய்ச் செத்தது. அடுத்த தடவையும் இதே கதை. இந்த முறை பிணமே உளுந்து களைந்தது.

“நீ… சாவவே… இல்ல,” என்றாள் ஃப்ளோரா, வெறுத்துப்போய்.

பங்குக் கோயிலின் இராயப்பர் திருநாளுக்கு முந்தின நாள் மூன்றாவது சாவு. பாயில் படுத்தவளின் பக்கத்தில் ஃப்ளோரா வந்து உட்கார்ந்தாள். இடது கையாலும் பல்லாலும் வெள்ளைத் துணி ஒன்றைக் கிழித்து, செத்தவர்களுக்குக் கட்டுவதுபோல் அம்மாவுக்கு வாய்க்கட்டுக் கட்டினாள். மிச்சத் துணியில் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்து முடிந்தாள். வியாகுலம்மாளுக்கு அது நியாயமாகப் பட்டது. சாயங்கால மணி அடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று மாதாவுக்கு ஒரு நேர்ச்சையும் செய்துகொண்டாள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் உயிரோடு வைத்திருந்தாள். ஒரு பாத்திரம் விழுந்தது. யாரோ அதை எடுத்தார்கள். விறகு ஒடிந்தது. ஆட்டுக்கல் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது, நின்றது, மறுபடி சுற்றியது. எதுவும் கெட்டுப்போகவில்லை. சாவதில் கஷ்டமான பகுதி இதுதான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக் கெங்கம்மா நெருப்பு வாங்க வந்தாள். வாய்க்கட்டைப் பார்த்தாள், கால்கட்டைப் பார்த்தாள். அடுத்த கணம் அவள் போட்ட ஓலத்தில் தெருவே திரும்பியது.

ஃப்ளோரா வெளியே வந்தாள். “அம்மா… சும்மா…”

“சும்மாதான் படுத்தாங்களா? அப்பிடியே போய்ட்டாங்களா? நல்ல சாவுடியம்மா,” என்று கெங்கம்மா முடித்து வைத்தாள்.

“இல்ல… அவங்க…”

“இல்லதான் கண்ணு. இனிமே எங்க இருக்காங்க?”

தெருவும் அழுதது. கோயிலில் துக்க மணி அடித்தது. வியாகுலம்மாள் அப்போதே எழுந்திருக்கலாம். ஆனால் நேர்ச்சை இருந்தது, கால்கட்டு இருந்தது. அதைவிட, தன்னைப் பற்றி யார் என்ன சொல்லி அழுகிறார்கள் என்று கேட்கும் ஆசை இருந்தது. பொதுவாக ஆப்பத்தைச் சொல்லித்தான் அழுதார்கள்.

அருள்நாதன், சவப்பெட்டி செய்யும் பக்தவச்சலத்தையும் கையோடு அழைத்து வந்தான். அக்காள் தலைமாட்டில் விழுந்து அழுதான். அழுகை உண்மையானது. நடுவில் அண்ணாந்து ஓட்டில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்ததும் உண்மை. பக்தவச்சலம் கயிற்றைப் பிரித்துக் காலிலிருந்து அளக்கத் தொடங்கினார்.

“புள்ளைய இப்பவே அனுப்பிச்சிடலாம்,” என்றான் அருள்நாதன் மூக்கைச் சிந்திக்கொண்டே. “அதுக்கு இன்னா தெரியும், பாவம். சாயங்காலம் பையன் சாமானோட வந்துருவான். அரிசிப் பானைக்குப் பின்னால எடம் ரெடியா கீது.”

“மாமா…” என்றாள் ஃப்ளோரா.

“தெரியும்மா. பசிக்குது. அத்த வூட்ல…”

“யோவ், கம்முனு இரு,” என்றாள் கெங்கம்மா. “பெத்தவள பறிகொடுத்த புள்ள. பேச வுடுய்யா.”

சாவு வீட்டில் மட்டும் அந்த மரியாதை உண்டு. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். ஃப்ளோராவுக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, பெட்டி பெட்டியாகச் சொன்னாள்.

“நான்… வரல. இது… என் வூடு. நாளிக்கி… திருநாள். கட… தொறக்கணும்.”

“ஆத்தா இப்பிடி கெடக்குது, கடையா?” என்றான் அருள்நாதன்.

ஃப்ளோரா அவனைப் பார்க்கவில்லை. பக்தவச்சலத்தின் கயிறு அம்மாவின் இடுப்பைத் தாண்டிவிட்டதைப் பார்த்தாள்.

“மாவு… அரச்சாச்சு. கள்ளு… ஊத்தல. கள்ளு… இல்லாமலே… சுடப்போறேன்.”

பிணம் எழுந்து உட்கார்ந்து வாய்க்கட்டைப் பிடுங்கியது. “கள்ளு ஊத்தாம சுட்டா அது ஆப்பமாடி? வறட்டியா?”

பக்தவச்சலம் கயிற்றைப் போட்டுவிட்டு மாதா கோயிலை நோக்கி ஓடினார். அதுவரை அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. கெங்கம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். அருள்நாதன் இடது கையால் சிலுவை போட்டுக்கொண்டான்.

“கள்ளு… அப்பவே… ஊத்திட்டேன்,” என்றாள் ஃப்ளோரா. “வேற… எப்பிடி… ஒன்ன… எழுப்பறது?”

இந்த முறையும் யாரும் முடித்து வைக்கவில்லை.

“யக்கா… கீறியா?” என்றான் அருள்நாதன்.

“கீறேன். அரிசிப் பான வரைக்கும் கேட்டுகினுதான் கீறேன்.”

“காத்து வரும்னுதான்…”

“வந்தா நீ போய்க் குந்து.”

ஜெபப் புத்தகத்தோடு வந்து சேர்ந்த சாமியார் விஷயத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். “நான் மனதுக்குள் என்றல்லவா சொன்னேன்?”

“மனசுக்குள்ள செத்தா மாவு அரையாது சாமி.”

அருள்நாதன் மட்டும் விடவில்லை. “ஒரு வேள மாவரச்சா ஆச்சா யக்கா? கடைய அது எப்பிடிப் பாக்கும்?”

“நாளிக்கி வந்து பாரு,” என்றாள் வியாகுலம்மாள். சொல்லிவிட்டுக் கால்கட்டை அவிழ்த்தாள்.

திருநாள் காலை. சட்டியின் முன்னால் ஃப்ளோரா, சுவரில் முதுகைச் சாய்த்து, இடது கையில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள். வியாகுலம்மாள் பின்னாலிருந்து “தீ…” என்று ஆரம்பித்தாள். ஃப்ளோரா கரண்டியை நீட்டி ஆணியைக் காட்டினாள். அதில் வாய்க்கட்டுத் துணி தொங்கியது. வியாகுலம்மாள் அதை எடுத்துத் தானே கட்டிக்கொண்டாள். நிற்க இடம் தேடி, கடைசியில் தன் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். காற்று வரவில்லை.

கடைக்கு அன்று ஒரு புதுச் சட்டம். ஃப்ளோராவின் பேச்சை எவன் முடித்து வைக்கிறானோ, அவனுக்குத் தேங்காய்ப்பால் கிடையாது. முதல் பந்தியிலேயே பாதிப் பேர் வெறும் ஆப்பம் தின்றார்கள். இரண்டாம் பந்தியில் ராயபுரத்தார் வண்டி போகும்வரை கேட்டில் நிற்கப் பழகியிருந்தார்கள்.

“மாமா… ஒங்களுக்கு…”

“ரெண்டு,” என்றான் அருள்நாதன்.

“பாலு… கெடையாது.”

அவன் வறட்டு ஆப்பத்தை மென்று விழுங்கிவிட்டு இலையை மறுபடி நீட்டினான். இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு அவள் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தான். பால் கிடைத்தது. அரிசிப் பானையைப் பற்றி அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கப்புறமும் அவன் பேசவில்லை.

பானைக்குப் பின்னாலும் ஓர் இலை வந்தது. வியாகுலம்மாள் வாய்க்கட்டைத் தளர்த்தி ஒரு விள்ளல் வாயில் போட்டாள். உப்பு கம்மி என்று சொல்லலாமா என்று நாக்கைப் புரட்டிப் பார்த்தாள். கம்மி இல்லை. ஓரம் கருகல் என்று சொல்லலாமா என்று ஆப்பத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கருகலும் இல்லை. குறை தேடிக்கொண்டே முழுவதையும் தின்று முடித்தாள். அப்புறம் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, இன்னொன்று கேட்பதற்காக இலையை நீட்டினாள்.