ஐஸ் பெட்டிக்கு ஒரு ஆட்டம்

மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குத்தான் ஓய்வு, இன்னாசிக்கு இல்லை. காசிமேட்டில் கரையேற்றிய விசைப்படகின் நிழலில் உட்கார்ந்தால் கால் ஆடும். எழுந்தால் கை அரிக்கும். சீட்டைக் கொடுத்தால் எந்தக் குப்பையையும் ஆடித்தான் தீருவான். படகு ஓனர் நடத்தும் ரம்மிப் போட்டியில் முதலில் வெளியே வருகிற பெருமை வருடா வருடம் அவனுடையது.

இந்த வருடப் பரிசு, மூடி போட்ட ஐஸ் பெட்டி. அவன் மனைவி ஜெயக்கொடி திருவொற்றியூர்த் தெருக்களில் கூடையில் மீன் விற்கிறவள். வெயில் ஏறினால் ஐஸ் உருகி மீன் நைந்துவிடும். அந்தப் பெட்டி அவளுக்கு வேண்டும். இன்னாசி சபதம் எடுத்துவிட்டான்: மோசமான சீட்டு வந்தால் ஆடாமல் கவிழ்த்து 'பேக்' சொல்லிவிடுவது.

201 புள்ளியைத் தொட்டவன் அவுட். பார்த்ததும் கவிழ்த்தால் இருபதோடு போகும்; ஆடி மாட்டினால் எண்பது வரை ஏறும். ஆறு பேர் வட்டத்தில் இன்னாசி பேக், பேக் என்றே ஓட்டினான். நான்கு பேர் வீம்புக்கு ஆடிக் கழன்றார்கள். மிச்சம் அவனும் பக்கத்துப் படகு தண்டபாணியும். தண்டபாணி 130, இன்னாசி 160.

அடுத்த சீட்டும் சுமார். பேக். 180.

சோற்றுத் தூக்கோடு வந்த ஜெயக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, குந்தின எடத்துலயே சாவப் போறியா?"

"ஆடி ஆடித்தாம்மே தோத்தேன், உனக்கு இன்னா தெரியும்?"

"ஆறு பேரு கீறப்போ எவனுக்காச்சும் சட்டுனு சேந்துடும், கவுத்தே, சரி. இப்போ எதிர்ல ஒரே ஆளு. அவருக்கும் சேரணுமில்ல? இன்னொருவாட்டி கவுத்தா இருநூறு. அப்பால கவுக்கவும் முடியாது."

"தோ பாரு தங்கச்சி, வெளியாளு பேசக்கூடாது," என்றார் தண்டபாணி.

"சீட்ட பத்தி எங்கண்ணே பேசினேன்? எம் புருசன திட்டிகினு கீறேன்."

அடுத்து வந்ததும் குப்பைதான். கவிழ்க்கப் போன கையை இன்னாசி பிடித்து நிறுத்தினான். தோற்றாலும் இருபதுக்குள் தோற்க வேண்டும் என்று ராஜாவையும் ராணியையும் முதலில் எறிந்தான். தண்டபாணி ஆசையாகப் பொறுக்கினார். பயந்தாங்கொள்ளிதானே, அவசரமென்ன என்று மூன்று ராஜா, மூன்று ராணி சேர்த்து அழகு பார்த்தார். ஜோக்கர் கலக்காத வரிசை ஒன்றாவது இல்லாவிட்டால் முழு எண்பதும் தலையில் விழும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்.

அதற்குள் இன்னாசியின் குப்பை ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிட்டது; இஸ்பேட் ஆறு மட்டும் வர வேண்டும். கால் மணலைத் தோண்டியது. ஒரு சீட்டை உருவினான்.

"மாதாவே! ஷோ!"

எண்ணினார்கள். தண்டபாணியிடம் வரிசை இல்லை. முழு எண்பதும் ஏறி 210, அவுட்.

"சரியான பேஜாரு ஆட்டம்பா," என்று அவர் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

ஜெயக்கொடி பெட்டியைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது கன்னம் நனைந்திருந்தது.

"இன்னாமே, இன்னும் ஐஸே போடல, அதுக்குள்ள தண்ணியா?"

"மூடிகினு ஒரு பக்கம் புடிய்யா," என்றாள்.