ஜூன் என்று எழுதிய டப்பா

சில்வியை அடக்கம் செய்யும் நாள். காலை ஏழு மணிக்கே அவள் அக்கா ரைலி வந்துவிட்டாள். வாசலில் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, சில்வியின் கணவர் ஆர்வோவுக்குக் காலை வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே அடுப்படிக்குள் நுழைந்தாள்.

மதியம் ஒரு மணிக்குத் தேவாலயம். அது முடிந்ததும் பதினெட்டுப் பேர் சாப்பிட வருவார்கள். சாப்பாட்டை வெளியே சொல்லிவிடலாம் என்று, சில்வி இறந்த இந்த மூன்று வாரமாக ரைலி சொல்லிப் பார்த்தாள். எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசாத ஆர்வோ இந்த ஒன்றில் மட்டும் அசையவில்லை. சால்மன் சூப்தான், அதுவும் சில்வி கைச்சூப்தான் என்று சொல்லிவிட்டார்.

செத்துப்போனவள் எப்படிச் சமைப்பாள் என்று ரைலி கேட்கவில்லை. ஃப்ரீசரில் இருந்த டப்பாவைப் பற்றி அவர் தொலைபேசியில் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வெனிலா ஐஸ்க்ரீம் வந்த டப்பா. மூடிமேல் ஒட்டிய பட்டையில் சில்வியின் சாய்ந்த கையெழுத்து: ‘சால்மன் எலும்புச் சாறு, ஜூன்.’ உருளைக்கிழங்கும் லீக்ஸும் க்ரீமும் யார் வேண்டுமானாலும் போடலாம். ருசி சாற்றில் இருக்கிறது. சாறு அவள் வைத்தது. அவளுடைய ஜனங்கள் கடைசியாக ஒருமுறை அவள் கைப்பக்குவத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

முந்தாநாளே டப்பாவை வெளியே எடுத்து நிலவறையில் வைத்துவிட்டார். ஆனால் திறக்கவில்லை. திறந்தால் தீர்ந்துபோகும் என்று ஒரு பயம்.

ரைலிதான் திறந்தாள்.

“ஆர்வோ, இங்க வா.”

உள்ளே சாறு இல்லை. பனி இளகி மையாய்க் கறுத்த நீரில் ப்ளூபெர்ரி மிதந்தது.

ஆர்வோ பட்டையை இன்னொரு முறை படித்தார். சாறு என்றுதான் இருந்தது.

“அந்தச் சாறு ஜூலையிலேயே போயாச்சு. நான் வந்திருந்தப்போ சூப் வச்சாளே. நீதான் மூணு தட்டு குடிச்ச,” என்றாள் ரைலி. “டப்பாவக் கழுவிப் பழத்தப் போட்டிருக்கா. சீட்டக் கிழிக்க எவளுக்குப் பொழுதிருக்கு? என் ஃப்ரீசர்ல மட்டும் என்ன வாழுது. காளான்னு எழுதியிருக்கும், தொறந்தா கேரட்டு.”

ஆர்வோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இனி வருகிறவர்களுக்கு எதைக் கொடுப்பது? கடைத் தூளைக் கரைத்து சூப் வைத்து, அதைச் சில்வி பெயர் சொல்லிப் பரிமாறுவதா? அதற்கு வெறும் ரொட்டி போதும் என்று முணுமுணுத்தார்.

“மீன் தல எங்க?” என்று கேட்டாள் ரைலி.

ஆப்பிள் மரத்தடியில் புதைப்பதற்காக வாளியில் போட்டு வைத்திருந்தார். இரண்டு முழு மீனையும் நேற்று அவர்தான் அறுத்தார். நாற்பத்தாறு வருஷமாக அந்த வீட்டில் அது அவர் வேலை. மீனை அறுத்து, கிழங்கைத் தோலுரித்துக் கொடுத்தால் அதோடு சரி. அதற்குப் பிறகு அவருடைய இடம் கதவோரம்.

“செவுள எடுத்தியா? இல்லேன்னா கசந்துடும்.”

“எடுத்துட்டேன்.” எடுக்காமல் விட்டதற்கு முதல் வருஷமே வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

தலையும் எலும்பும் பானைக்குள் போயின. லீக்ஸின் பச்சைத் தாளும் பிரிஞ்சி இலையும் சேர்ந்தன. வாசனை மிளகு எத்தனை என்று ரைலி கேட்டாள். பத்து என்றது அவர் வாய். எப்படித் தெரியும் என்று அவருக்கே தெரியவில்லை. கதவோரம் நின்றபோது சில்வி வாய்க்குள் எண்ணுவது காதில் விழுந்திருக்கும். கொதி வந்ததும் அவர் கை தானாகத் தீயைக் குறைத்தது. நுரையை வழித்து, அரை மணி நேரத்தில் இறக்கி வடிகட்டினார். அந்தச் சாற்றிலேயே கிழங்கை வேகவைத்து, மூடி வைத்துவிட்டுக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

தேவாலயத்திலிருந்து திரும்பியதும் மறுபடி சூடேற்றி, க்ரீமும் வெண்ணெயும் விட்டு, மீன் துண்டுகளைப் போட்டு அடுப்பை அணைத்தார். ரைலி கரண்டியோடு வந்தாள்.

“கிண்டாத. மீன் உடஞ்சிடும்,” என்றார் ஆர்வோ.

அது சில்வியின் சொல். ரைலி கரண்டியைக் கீழே வைத்தாள்.

பதினெட்டுப் பேரும் சாப்பிட்டார்கள். சதகுப்பைத் தழை தூவிய சூப், கறுப்பு ரொட்டி, வெண்ணெய். சில்வி வைத்தது போலவே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அப்படி இல்லை என்பது ஆர்வோவுக்கும் தெரிந்தது. சில்வியின் தம்பி மட்டும் தட்டை நீட்டி, “உப்பு சரியா இருக்கு,” என்று இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்.

பிறகு ரைலி ப்ளூபெர்ரியைக் கொண்டு வந்தாள். சர்க்கரையும் உருளைக்கிழங்கு மாவும் சேர்த்துக் கஞ்சிபோலக் காய்ச்சியிருந்தாள். ஆகஸ்டில் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு நாலு நாள் முன்பு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் போய் சில்வி பறித்தது என்று மட்டும் சொன்னாள். கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் உதடும் நீலமானது. போதகர் உதடும்தான். யாரும் துடைத்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் போன பின் ஆர்வோ ஐஸ்க்ரீம் டப்பாவைக் கழுவினார். காலையில் வடித்ததில் கிழங்குக்குப் போக மிஞ்சிய சாற்றை அதில் ஊற்றி மூடினார்.

ரைலி மூடியைப் பார்த்தாள். “அக்டோபர் ஆச்சு. மாசம் தப்பு.”

“இருக்கட்டும்,” என்று சொல்லி அதை ஃப்ரீசரில் வைத்தார்.