கஞ்சி போகாத துணி

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் சொன்ன ஒரு சொல். "ஆமாங்க."

சென்ற ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், அன்னூரிலிருந்து தம்பிதுரை கைபேசியில் அழைத்தார். தோட்டம் வைத்திருக்கிறார், சொட்டுநீர்க் குழாய்க் கடையும் நடத்துகிறார். இரண்டு வருடங்களுக்கு முன் தன் குதிரையை என் மனைவி கிளாடிஸிடம் ஓவியமாக வரையச் சொல்லி வாங்கிப் போனவர்.

"ஏனுங்க தம்பி, நல்லாருக்கீங்களா? தொந்தரவு பண்றனுங்களா?"

"இல்லைங்க, சொல்லுங்க."

"அந்தக் குதிரைப் படம் இல்லீங்களா, அது வவுத்துகிட்ட பொருக்குப் பொருக்கா உளுவுதுங்க. உள்ள வெறுந்துணி தெரியுது. தப்பா எடுத்துக்காதீங்க, குறை சொல்றதுக்குக் கூப்புடல. பாவம், அந்த அம்மணி ஏதோ அவசரத்துல செஞ்சுபோட்டாங்களாட்ட இருக்குது."

"ஆமாங்க" என்றேன்.

கிளாடிஸ் எதையும் அவசரத்தில் செய்தவள் இல்லை. அந்தத் துணி கெட்டது என்னால். அவர் "பொருக்கு" என்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் சொன்னேன்.

அவள் இறந்து அப்போது பதினான்கு மாதங்கள். மறுத்துப் பேச அவள் இல்லை. அந்த ஒரு சொல்லைத் திரும்ப வாங்கத்தான் இதை எழுதுகிறேன். எழுதினால் வாங்கிவிட முடியுமா என்று கேட்காதீர்கள். களைப்பாக இருக்கிறது.

2

தொடக்கங்கள்.

முதல் வரைவு: "வெள்ளை ஒரு நிறமல்ல, அது ஒரு காத்தி—"

இதற்கு மேல் எழுத முடியவில்லை. இப்படி எழுதுகிறவனை நானே நம்ப மாட்டேன்.

இரண்டாம் வரைவு: "பிரத்யுஷா ஓவியர். அவள் கணவன் வங்கியில் வேலை பார்த்தான்." பதினொரு பக்கம் போனது. கிளாடிஸின் பெயரை மாற்றியது சரி. என்னை வங்கிக்கு அனுப்பியதுதான் தவறு. வங்கிக்காரனுக்குத் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாமல் செய்துவிட்டான், பாவம் என்று நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். நான் தெரிந்து செய்தவன். பதினொரு பக்கமும் குப்பைக்குப் போயின.

மூன்றாம் வரைவில் மனைவி உண்மையிலேயே அவசரப்படுகிறாள். சரளமாக வந்தது. அவள் அவசரப்பட்டதை நானே பார்த்ததுபோல இருந்தது. பயந்து கிழித்துப் போட்டேன்.

3

வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் குற்றம் புரியாது.

வீடு பெரியநாயக்கன்பாளையம். படித்தது ஜவுளித் தொழில்நுட்பம். வேலை ஒரு சைசிங் மில்லில், ஷிப்ட் சூப்பர்வைசர். தறியில் ஏறும் முன் பாவு நூலுக்குக் கஞ்சி போட வேண்டும். போடாவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அந்தக் கஞ்சியைச் சுமந்துகொண்டுதான் வெளுக்காத காடாத் துணி தறியிலிருந்து இறங்குகிறது. கிளாடிஸுக்கு நல்ல கனமான காடாத் துணியை நான்தான் தறிக்காரர்களிடம் சொல்லி வாங்கி வருவேன்.

அவள் முதலில் அந்தக் கஞ்சியை எடுப்பாள். சலவைச் சோடா போட்டு, மூன்று தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைக்க வேண்டும். பிறகு சட்டத்தில் இழுத்துக் கட்டுவாள். விரலால் சுண்டினால் தப்பட்டைபோல ஒலிக்க வேண்டும். அதன் மேல் ஜெஸ்ஸோ. ஓவியத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு அது. துணி வண்ணத்தைக் குடித்துவிடாமல் தடுக்கும், வண்ணம் பிடித்துக்கொள்ள ஒரு தரையும் கொடுக்கும். கடையில் டப்பாவில் கிடைக்கும். அவள் வாங்க மாட்டாள். வெள்ளைப் பசை, சலித்த சுண்ணப்பொடி, வெள்ளை பெயிண்ட், தண்ணீர். மோர்க்குழம்புப் பதம்.

முதல் பூச்சு மேலிருந்து கீழ். காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்ப்பாள். இரண்டாவது இடமிருந்து வலம், அதில் மட்டும் ஒரு சிட்டிகை காவி கலப்பாள், விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரிவதற்காக. மறுபடி உப்புத்தாள். மூன்றாவது மறுபடி வெள்ளை. அவ்வளவுதான்.

கஞ்சி போகாத துணியில் பூசினால் என்ன ஆகும்? ஜெஸ்ஸோ நூலைப் பிடிக்காது, கஞ்சியைப் பிடித்துக்கொள்ளும். பார்க்க வித்தியாசம் தெரியாது. இரண்டு மழைக்காலம் தாங்கும். ஈரத்தில் கஞ்சி ஊறி ஊறி, ஒருநாள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு விழும்.

"நீங்க வாரமெல்லாம் கஞ்சி ஊத்தறீங்க, நான் லீவு நாளெல்லாம் அதைய எடுத்துட்டு இருக்கறேன்" என்பாள் கிளாடிஸ். "நல்ல குடும்பமுங்க நம்முளுது."

(இவ்வளவு விவரம் எதற்கு என்று தோன்றும். விவரம் எழுதும்போது வேறு எதையும் எழுத வேண்டியதில்லை.*)

* அவள் இறந்தது மூளைக்காய்ச்சலில். ஆறு நாள். அதைப் பற்றி இந்தக் கதையில் எதுவும் இல்லை.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சி. அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"மூணு தண்ணி. கொதிக்கக் கொதிக்க. நடுவுல அடுப்ப நிறுத்திறாதீங்க."

"நான் சைசிங் சூப்பர்வைசர், தெரியுமில்ல?"

"அதனாலதானுங்க சொல்றேன்."

அவள் போனபின் துணியைத் தொட்டியில் போட்டேன். குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பச்சைத் தண்ணீர். அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிழிந்து மாடிக் கம்பியில் போட்டேன். பிறகு தூங்கினேன். இதற்குப் பின்னால் பெரிய காரணம் எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். சண்டை இல்லை, கோபம் இல்லை. தூக்கம், அவ்வளவுதான்.

மாலையில் வந்து துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"மூணு தண்ணி வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"மொடமொடன்னு இருக்குதே?"

"வெயில்ல காஞ்சதுல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். (இந்த வாக்கியத்தை நான்கு முறை அடித்து எழுதியிருக்கிறேன். என்னைப் பார்த்தாளா, துணியைத்தான் பார்த்தாளா என்று நினைவில்லை. கதைக்கு என்னைப் பார்ப்பதுதான் நல்லது. ஆகவே இதை நம்ப வேண்டாம்.)

அந்தத் துணியில்தான் குதிரையை வரைந்தாள்.

தம்பிதுரை அழைத்த அன்று பரணில் அதே துணியின் மிச்சத்தைத் தேடி எடுத்தேன். அயோடின் ஒரு சொட்டு விட்டேன். கஞ்சி இருந்தால் நீலமாகும், கல்லூரி முதலாண்டுப் பாடம். மஞ்சளாகவே இருந்துவிடு என்று நினைத்தேன்.

கருநீலம்.

5

நான்காம் வரைவை ஹுமேராவிடம் கொடுத்தேன். கிளாடிஸ் வேலை பார்த்த பள்ளியில் இன்னொரு ஓவிய ஆசிரியை, அவளுடைய தோழி. கிளாடிஸின் தூரிகைகளைப் பிள்ளைகளுக்காக எடுத்துப்போக வந்தவர், நின்றபடியே படித்தார்.

"இதுல வர்ற புருசன் ரொம்ப நல்லவனா இருக்கானே, டேவிட்சன்."

"கதைதானே."

"அழுவறான். ஜன்னல்கிட்ட நிக்கறான். அவ பிரஷ்ஷ எடுத்து மோந்து பாக்கறான். நீங்க மோந்து பாத்தீங்களா?"

"இல்லை."

"நல்லவேளை. டர்பன்டைன் நாத்தம்." பக்கத்தைத் திருப்பினார். "துணிய அவளே தொவச்சான்னு எழுதிருக்கீங்க. அவ தொவச்ச துணில கஞ்சி நிக்காதே. யார் தொவச்சது?"

மேசையிலிருந்த தூரிகைகளை எண்ணத் தொடங்கினேன்.

"இதுல வர்ற அந்த அன்னூர்க்காரர் கேட்டப்பவும் இப்பிடித்தான் வாய மூடிட்டு இருந்தீங்களா?"

"இல்லை. ஆமான்னு சொன்னேன்."

ஹுமேரா தூரிகைகளைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "வாய மூடிட்டே இருந்திருக்கலாம். அவ பேரக் கெடுக்கறதுக்கு அவ புருசனா கெடைச்சான்?" வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கதையப் பத்திக் கேட்டீங்கல்ல. நல்லா இல்ல. அன்னூருக்கு பஸ் இருக்கு."

6

போவதற்கு முன் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. கைபேசியிலேயே சொல்லிவிடுகிறான். அவர் மன்னித்துவிடுகிறார். வெளியே மழை பெ— வேண்டாம்.

ஆ. நேரில் போகிறான். உதிர்ந்த ஒரு பொருக்கை எடுத்து அதன் விளிம்பைப் பார்க்கிறான். வெள்ளை, காவி, வெள்ளை, காவி, வெள்ளை. மூன்றுக்குப் பதில் ஐந்து பூச்சு. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் துவைக்கவில்லை என்று தொட்டவுடனே தெரிந்திருக்கிறது. மேலும் கேட்டு அவனைச் சங்கடப்படுத்தாமல், தாங்குகிறவரை தாங்கட்டும் என்று இரண்டு பூச்சு கூடப் போட்டிருக்கிறாள்.

இதை எழுதியபோது அவள் போனபின் முதல்முறையாகக் கண் எரிந்தது. அதனாலேயே இதன் மேல் சந்தேகம் வந்தது. அவள் என்னை மன்னித்ததாக நானே எழுதி, நானே படித்து, நானே கண் கலங்குகிறேன்.

இ.

(இ-க்கு எதுவும் தோன்றவில்லை. பஸ் ஏறினேன்.)

7

படம் நடுக்கூடத்தில், உள்ளே நுழைந்தவுடன் கண்ணில் படும் இடத்தில் இருந்தது. பழுப்புக் குதிரை. அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குத் துணி தெரிந்தது.

"வாங்க கண்ணு" என்றார் தம்பிதுரையின் மனைவி நாச்சியம்மாள். "குதிரைக்குச் சொறி புடிச்சிருச்சு பாத்தீங்களா. வைத்தியம் பண்ண வந்தீங்களாக்கும்?"

"சித்த சும்மா இரு" என்றார் தம்பிதுரை. "தம்பி காப்பி குடிக்கட்டும்."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? நெசக் குதிரையையே அந்தியூர்ச் சந்தைல பல்லக்கூடப் பாக்காம புடிச்சுட்டு வந்தவருதான நீங்க. மூணாம் மாசமே நொண்டிருச்சு. படமாச்சும் நல்லா இருக்கும்னு பாத்தேன்."

"அது என்னையத் தூக்கிட்டுப் போயி நொண்டுச்சு."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவர்கள் சிரித்தார்கள். நான் படத்தின் அருகே போனேன். தொங்கிக்கொண்டிருந்த ஒரு பொருக்கு, தொட்டதும் கையோடு வந்தது. வெளிச்சத்தில் விளிம்பைப் பார்த்தேன்.

வெள்ளை. காவி. வெள்ளை.

திருப்பிப் பிடித்து மறுபடி எண்ணினேன். வேறொரு பொருக்கையும் எடுத்து எண்ணினேன். மூன்றுதான். கஞ்சி போன துணிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும்.

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. வெச்சேன் என்றேன், நம்பிவிட்டாள்.

காப்பி வந்தது. பஸ்ஸில் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். காப்பியைக் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். பாதிக் காப்பியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிருபாசங்கர் ஏதோ வால்வு கேட்டு உள்ளே வந்தார். என் வயதுதான் இருக்கும். படத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னங் மாமா, போன தடவ வந்தப்ப நல்லா இருந்துச்சே. குதிரைக்கு என்னாச்சு?"

"அதா? அது வரைஞ்ச அம்மணி அவசரத்துல—"

தம்பிதுரைக்கு வாய்ப்பழக்கமாகவே வந்துவிட்டது. இந்தக் கூடத்துக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். நான் உட்கார்ந்திருப்பது நினைவு வந்து நிறுத்தினார். முகம் சுருங்கிப்போனது.

"மன்னிச்சுக்கோங்க தம்பி" என்றவர், கிருபாசங்கரிடம் திரும்பினார். "அந்த அம்மணி தவறிப்போச்சு. இவுருதான் ஊட்டுக்காரர். இவுரையே கேட்டுக்க. நான் சொன்னா நல்லாருக்காது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நாச்சியம்மாள் டம்ளருக்காகக் கையை நீட்டியபடி நின்றார்.

8

நான் பேசினேன். ஆறேழு சொற்கள் இருக்கும். அவர்களுக்குக் கேட்டது.

என்ன பேசினேன் என்று இங்கே எழுதலாம். எழுதினால் நம்புவீர்கள், இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். ஆனால் எழுதுகிறவன் நான். ஆகவே எழுதப்போவதில்லை.

அன்னூரில் சொட்டுநீர்க் குழாய்க் கடை தம்பிதுரை என்று கேளுங்கள். வீட்டைக் காட்டுவார்கள். யார் போனாலும் காப்பி கொடுப்பார்கள். படத்தை எடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார், அங்கேயேதான் மாட்டியிருக்கிறது. குதிரைக்கு என்னாச்சு என்று அவரிடம் கேளுங்கள். வருகிற எல்லோருக்கும் அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

அந்தப் பதிலில் யார் பெயர் வருகிறதோ, அதுதான் இந்தக் கதையின் முடிவு.