நிறங்களைப் பாடமாக்கிய அண்ணா

பெயர் வீரசிங்கம். ஆனால் சிங்கப்பூர்க் கல்லூரியின் நேர்முகத்துக்கு நாள் குறித்ததிலிருந்து அண்ணா சோற்றைப் பிசைவதோடு சரி, உண்பதில்லை. பூகோளம் படிக்கத் துரைமார் எங்கள் ஊருக்கே வந்து ஆள் எடுக்கிறார்கள். அண்ணாவின் கண்ணுக்குப் பச்சையும் சிவப்பும் மண்ணிறமும் ஒன்றுதான். பூகோளமோ நிறம் தீட்டிய வரைபடங்களால் ஆனது.

அப்பா எங்கள் ஊர்ப் பிரிக்பீல்ட்ஸ் ஸ்டேஷனில் ரயில்வே கார்டு. பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் காட்டியே எங்களை வளர்த்தவர். போன வருடம் அண்ணாவும் ரயில்வே வேலைக்குப் போனார். மருத்துவர் மேசையில் கம்பளி நூல்களைப் பரப்பி, பச்சையை மட்டும் எடுக்கச் சொன்னாராம். அண்ணா மண்ணிறத்தையும் சேர்த்து அள்ளிக் கொடுத்திருக்கிறார். அன்றோடு அந்தக் கதவு மூடியது.

"இது வெளியில தெரியக் கூடாது," என்றார் அப்பா. "பரம்பரைக் குறை எண்டு சொல்லுவினம். நாளைக்குக் கனகேஸ்வரிக்கு ஆர் வருவினம்?"

கனகேஸ்வரி நான்தான். வராத மாப்பிள்ளையை நினைத்து அப்பா இளைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமெல்லாம் அண்ணாவை நினைத்துத்தான். இந்தக் கல்லூரியும் கைவிட்டால் அவருக்குப் போக வேறு இடமில்லை.

ஆகவே மாலைதோறும் எங்கள் அட்லஸை விரித்து நிறம் சொல்லிக் கொடுத்தேன். பிரான்சு ஊதா, ஜெர்மனி மஞ்சள், மலை மண்ணிறம், சமவெளி பச்சை. துரைமார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பிடிபடக் கூடாது என்று அண்ணா தேவாரம்போல் மனப்பாடம் செய்தார்.

நேர்முகத்துக்கு முதல் நாள் பக்கத்து வீட்டுச் சந்திரகலா தன் பள்ளிக்கூட அட்லஸோடு வந்தாள். அதில் பிரான்சு பச்சை, ஜெர்மனி ஊதா. அட்லஸுக்கு அட்லஸ் நிறம் மாறும் என்பது எங்கள் மரமண்டைகளுக்கு எட்டவே இல்லை.

அவள் போனதும் அண்ணாவிடம் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் போகேல்லை, கனகு."

"போங்கோ. படத்தைக் காட்டினா கண் நோகுது எண்டு சொல்லுங்கோ."

"ரெண்டு கண்ணுமோ?"

காலையில் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். பொத்தானைப் பூட்ட மறந்துவிட்டார். நான்தான் பூட்டிவிட்டேன். அவர் தெருமுனை திரும்பியதும் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். அப்பா லீவு போட்டுவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மத்தியானம் அண்ணா வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வரைபடம் காட்டினவையோ?" என்று அப்பா கேட்டார்.

"இல்லை. தகப்பன் ரயில்வே, நீ ஏன் அங்க சேரேல்லை எண்டு கேட்டவை."

அப்பா கதிரையைப் பிடித்துக்கொண்டார். "நீ என்ன சொன்னனீ?"

"பொய் வாயில வரேல்லை அப்பா. நூல் கதையை முழுக்கச் சொல்லிப்போட்டன்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இவ்வளவு காலம் பொத்திப் பொத்தி வைத்ததை வெள்ளைக்காரன் முன்னால் கொட்டிவிட்டு வந்திருக்கிறாரே என்று கோபம்கூட வந்தது.

"பெரிய துரை கண்ணாடியைக் கழட்டிப்போட்டு என்னைப் பார்த்தார்," என்றார் அண்ணா. "'நாங்கள் கல்லூரியில ரயில் விடுறேல்லை' எண்டார். பிறகு கிள்ளான் ஆறு ஏன் இப்பிடி வளைஞ்சு போகுது எண்டு கேட்டார். சொன்னன். ஆனி மாசம் கல்லூரியில சேர வரச் சொல்லிப்போட்டார்."

எனக்கு அந்தத் துரையைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. அண்ணா சிரித்தார், நானும் சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

"தம்பி," என்றார். "ரயிலுக்குத்தான் அது குறை எண்ட அந்த ஒரு சொல்லை நானெல்லோ உனக்குச் சொல்லியிருக்க வேணும்."