வயிற்றுப் பக்கத் தோல்

என் மனைவி அக்தர் பானுவுக்குப் பனியில் துளை போடுவதுதான் வேலை. செம்பூர் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, தென் துருவத்துப் பனியைத் துளைக்கிற டிரில்லை வடிவமைக்கிறாள். மூன்று மீட்டர் எஃகுக் குழாய், நுனியில் பற்கள். அது சுழன்று இறங்க இறங்க, குழாய்க்குள் பனி கம்பு போல ஏறி நிற்கும். ஆயிரம் மீட்டர் ஆழத்துப் பனி பல ஆயிரம் வருஷப் பழசாம். அவ்வளவு பழசை வைத்து என்ன செய்வாய் என்று கேட்டேன். அந்தக் காலத்துக் காற்று அதற்குள் குமிழியாக இருக்கிறது என்றாள்.

பற்கள் சீவுகிற பனித்தூளை ஒரு பம்ப் உறிஞ்சி எடுக்க வேண்டும். இல்லையென்றால் டிரில் அடியிலேயே சிக்கிக்கொள்ளும். பிறகு தலைகீழாக நின்றாலும் வராது. அந்தப் பம்புக்குள் ஒரு வாஷர் வேண்டும்; ரப்பர் என்றால் அந்தக் குளிரில் கல்லாகிவிடும். தோல் என்றால் எண்ணெயில் ஊறிக் குழைவாக இருக்கும், பம்ப் ஸ்டவ் வாஷர் மாதிரி. தாராவியில் 'காலித் பெல்ட்ஸ்' என்று போர்டு மாட்டிய புருஷன் இருக்கும்போது அவள் வேறு யாரிடம் கேட்பாள்?

கேட்ட அன்றே அடுத்ததையும் சொன்னாள். சோதனையில் பம்ப் தேறினால் டிரில் கப்பலேறும். கூடவே அவளும், நாலு மாதத்துக்கு.

"போகட்டுமா மச்சான்?"

"உன் இஷ்டம்," என்றேன், பெரிய மனுஷன் மாதிரி. கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவளைப் பிரிந்து நான் நாலு நாள் இருந்ததில்லை. வாய் சொல்லாததைக் கை செய்தது. மாட்டின் முதுகுத் தோலில் வெட்ட வேண்டிய வாஷர்களை வயிற்றுத் தோலில் வெட்டினேன். முதுகு கெட்டி; வயிறு இழுத்த இழுப்புக்கு நீளும். தோலைத் தொட்ட எவனுக்கும் இது தெரியும்.

சனிக்கிழமை துர்பேயில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சோதனை. நானும் போனேன். டிரில் பனிப்பாளத்தில் இறங்கியது. பத்தாவது நிமிஷம் வாஷர் தொளதொளத்துப் பம்ப் இழுக்கவில்லை. டிரில் சிக்கி நின்றது. பானுவின் மேலதிகாரி என் பக்கம் திரும்பினார்.

பானு குறுக்கே வந்தாள். "வாஷர்ல தப்பு இல்ல சார். அளவு நான் குடுத்தது. தப்பு என்னோடது."

புதன்கிழமைக்குள் சரியாகாவிட்டால் இந்த வருஷம் டிரில் போகாது என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

வாஷியில் ரயில் ஏறியதுமே அவள் நோட்டை விரித்து, சரியாக இருந்த கணக்கை அடித்து அடித்து எழுத ஆரம்பித்தாள். விரல்கள் குளிரில் இன்னும் வெளுத்திருந்தன.

"கணக்க விடு பானு. நான் வயித்துத் தோலுல வெட்டிட்டேன். தெரிஞ்சேதான்."

பேனா நின்றது. மான்கூர்ட் போனது, கோவண்டி போனது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"போகாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ நின்னுருவ. அதான் சொல்லல."

"அதுக்கு இது தேவலையாக்கும்?" என்றவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். "நாலு மாசம் நான் மட்டும் அங்க சிரிச்சிக்கிட்டா இருப்பேன்?"

அவளுடைய வெளுத்த விரல்களை என் உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டேன். குர்லா வரும்வரை விடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பட்டறையைத் திறந்து, முதுகுத் தோலில் நல்ல இடமாகப் பார்த்துப் பன்னிரண்டு வாஷர் வெட்டி எண்ணெயில் ஊறப்போட்டேன். புதன்கிழமை பம்ப் ஒருமுறைகூடத் திணறவில்லை. அங்கே இது எத்தனை நாள் தாங்கும் என்று மேலதிகாரி என்னிடம் கேட்டார்.

நல்ல முதுகுத் தோல் அது. இரண்டு வருஷம் உழைக்கும். பானு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மாசம்," என்றேன். "அதுக்கு மேல ஒரு நாள் தாங்காது சார்."